உயில் சார்

சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் என்று தாம்பரத்தைச் சுற்றி எந்தத் தெருவுக்குப் போனாலும் ஓர் உயில் சார் இருப்பார். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் சீட்டுப் பணத்தை எடுத்து ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டவர். “அப்போ இங்க நரிதான் ஊளையிடும்” என்பார். இன்று அதே 2,400 சதுர அடிக்காக வாரம் ஒரு பில்டர் வாசலில் வந்து ஊளையிடுகிறார்.

ஓய்வு பெற்ற அன்று எல்லா ஃபைல்களையும் ஒப்படைத்துவிட்டு வந்த மனிதருக்கு மிச்சம் இருப்பது ஒரே ஃபைல். அதையும் எப்படி மூடுவார்?

உயில் எழுதுவதில் சிரமமே கிடையாது. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்தால் நல்லது, கட்டாயமில்லை. இவர் கையெழுத்துக்கு இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 1925-ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது ஏறக்குறைய இவ்வளவுதான். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், கடைசியாக எழுதியதே செல்லும். ஆத்திர அவசரத்துக்கு என்று சட்டம் வைத்த இந்த வசதியை, சார் அன்றாட உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டார்.

டல்லாஸ் மகன் பொங்கலுக்கு போன் செய்யவில்லையென்றால் மாடி போர்ஷன் மகளுக்குப் போகும். மடிப்பாக்கத்து மகள் முறுக்கோடு வந்து இரண்டு நாள் தங்கினால் கீழ் போர்ஷனும் போகும். “மாமா, பிபி மாத்திரை போட்டீங்களா?” என்று மருமகள் கேட்டுவிட்டால், மறுநாளே கார் ஷெட் டல்லாஸ் பக்கம் திரும்பிவிடும். இந்தப் போக்குவரத்து எதுவும் பிள்ளைகளுக்குத் தெரியாது.

சாட்சிகள்தான் பெரிய தலைவலி. ஏரிக்கரையில் கூட நடக்கும் நண்பர்கள் தயார்தான். “உள்ள என்ன எழுதியிருக்குன்னு சாட்சி தெரிஞ்சிக்க வேண்டியதில்ல. நான் கையெழுத்துப் போடறதைப் பார்த்தா போதும்” என்று அவர்களுக்கு வகுப்பும் எடுத்தாயிற்று. ஆனால் எல்லோருக்கும் எழுபத்தைந்துக்கு மேல். நாளைக்கு வழக்கென்று வந்தால் கோர்ட் படியேற ஒருவராவது இருக்க வேண்டாமா? மாடியில் குடியிருக்கும் ஐ.டி. பையனுக்கு நாலு வருஷமாக வாடகை ஏறாததன் ரகசியம் இதுதான்.

ஊருக்கும் உபதேசம் உண்டு. பேங்க் வரிசையில் யாராவது “நாமினி போட்டாச்சு” என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டால் போதும். “நாமினி பணத்தை வாங்கி வைக்கறவர் சார், சொந்தக்காரர் இல்ல. 1984-ல இன்ஷூரன்ஸுக்குச் சொன்னதை 2023-ல ஷேருக்கும் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.” பெருமூச்சு திரும்ப உள்ளே போய்விடும். குரோம்பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில், “உயில் எழுதாமப் போனா இந்து ஆம்பளையோட சொத்து மனைவி, பசங்க, அவனோட அம்மா எல்லாருக்கும் சமபங்கு. அப்பா அந்த முதல் வரிசையிலயே இல்ல” என்றார். எதிர் இலைத் தகப்பனார் ஒருவர் பாயசத்தைத் தொடாமலேயே எழுந்து போனார்.

“எதுக்கு சார் இந்த அவஸ்தை? செட்டில்மென்ட் எழுதிடுங்க. குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைத்தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 10,000. அதுக்கு மேல போகாது” என்று பத்திர எழுத்தர் ஒருவர் ஆசை காட்டிப் பார்த்தார்.

“அதை எழுதிக் குடுத்த நிமிஷத்துலருந்து என் வீட்டுல நான் பேயிங் கெஸ்ட்!”

“கடைசிவரை பார்த்துக்கணும்னு நிபந்தனை எழுதுங்க. பார்த்துக்கலன்னா ரத்து பண்ண 2007-ஆம் வருஷச் சட்டத்துல வழி இருக்கு.”

“வழி இருக்குய்யா. அந்த வழியில நடக்க முழங்கால் வேணுமே!”

உண்மையான காரணம் முழங்கால் அல்ல. உயில் கையில் இருக்கும்வரை அவர்தான் அதிகாரி. தினமும் மாற்றல் உத்தரவு போடலாம். செட்டில்மென்ட் என்பது இரண்டாவது ரிட்டயர்மென்ட்.

ஒருநாள் மாலை புதிய உயிலை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்த மனைவி கேட்டார்: “ஏங்க, பத்திரம் ரெண்டு பேர் பேர்லயும்தானே இருக்கு?”

“ஆமா.”

“அப்போ உங்க பாதியை மட்டும் எழுதுங்க. என் பாதியை நான் போன தை மாசமே எழுதிட்டேன்.”

சாரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. “எழுதிட்டியா? சாட்சி யாரு?”

“எதிர்வீட்டு டீச்சரும், மாடிப் பையனும்.”

“அவனா! சரி, யாருக்கு எழுதியிருக்க?”

“அதை சாட்சிக்கே சொல்ல வேண்டியதில்லன்னு நீங்கதானே சொன்னீங்க.”

அன்றிலிருந்து அந்த வீட்டில் காலைக் காப்பி சார்தான் போடுகிறார். மனைவியிடம், “சர்க்கரை மாத்திரை போட்டியாம்மா?” என்று இரண்டு தடவை கேட்கிறார். மாடிப் பையனுக்கு மட்டும் அடுத்த மாதத்திலிருந்து வாடகை ஏறுகிறது.