டிஎன்ஏவின் பீச்சாங்கை

1677 நவம்பரில், டெல்ஃப்ட் ஊர்த் துணி வியாபாரி அந்தோனி வான் லீவன்ஹூக் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் போட்டார். விஷயம்: விந்து. தன் கையால் செய்த லென்ஸில் வைத்துப் பார்த்தாராம். வாலாட்டிக்கொண்டு ஏகப்பட்டது நீந்தியதாம். சரக்கு எப்படிக் கிடைத்தது என்று யாராவது கேட்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்: பாவகாரியம் எதுவும் செய்யவில்லை, தாம்பத்தியத்தில் மிஞ்சியதுதான். அம்மணியிடம் அனுமதி வாங்கினாரா என்று என்னைக் கேட்காதீர்கள். சொசைட்டி கடிதத்தை லத்தீனில் அச்சிட்டது. லத்தீனில் சொன்னால் ஆபாசமும் அறிவியல்தானே.

வாலாட்டிகள் புகழ் பெற்றன. அதே திரவத்தைச் சில நாள் விட்டுவைத்தால் படிகங்கள் முளைப்பதையும் மனிதர் எழுதியிருந்தார். அதை யார் சீந்தினார்கள்? 1791இல் பாரீஸில் வோக்லான் மறுபடி கண்டார். 1888இல்தான் லாடன்பர்க்கும் ஆபெலும் ஸ்பெர்மின் என்று பேர் வைத்தார்கள்.

பேர் வைத்த நேரமும் வாய்த்தது. மறு வருஷமே, 72 வயது உடலியல் அறிஞர் பிரௌன்-செக்கார், நாய், கினிப் பன்றிகளின் விரைச்சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது என்று பாரீஸில் அறிவித்தார். ஆதாரமாகச் சிறுநீர் பாய்ந்த தூரத்தையும் அளந்து வைத்திருந்தார். விஞ்ஞானம் என்றால் அளக்க வேண்டாமா! இந்த அலையில் பீட்டர்ஸ்பர்க்கின் பேல் என்பவர் ஸ்பெர்மினையே டானிக்காக விற்றார்.

1920களில் லண்டனில் ரோசன்ஹைம் குழு அமைப்பைக் கண்டுபிடித்ததும் வீரியம் புஸ்ஸென்று போனது. நான்கு நைட்ரஜன் கோத்த கார்பன் சங்கிலி, அவ்வளவுதான். ஆண்களின் தனிச்சொத்தும் இல்லை. மற்ற திசுக்களிலும் கிடைத்தது. உடம்புக்குள் நான்கு நைட்ரஜனும் நேர்மின்னூட்டத்தோடு நிற்கும் என்பதுதான் அதன் ஒரே பெருமை. அந்தப் பெருமை எதற்கு என்று தெரிய இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

விடை டிஎன்ஏவில் இருந்தது. 1953இல் வாட்சனும் கிரிக்கும் சொன்னதிலிருந்து டிஎன்ஏ வலக்கைத் திருகு என்பது வேதவாக்கு. 1972இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் போலும் ஜோவினும், குவானினும் சைட்டோசினும் மாறிமாறி வரும் செயற்கை டிஎன்ஏவில் உப்பைக் கொட்டினார்கள். கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு. ஒளியலை வரைபடம் தலைகீழாகக் கவிழ்ந்தது. டிஎன்ஏ இடப்பக்கம் திரும்பிவிட்டதோ என்று சந்தேகிக்க இடமிருந்தது. அடித்துச் சொல்லப் படம் இல்லை.

படம் 1979இல் வந்தது. எம்.ஐ.டி.யில் ஆண்ட்ரூ வாங், அலெக்சாண்டர் ரிச் குழு ஆறெழுத்து டிஎன்ஏவைப் படிகமாக்கி எக்ஸ்ரே அடித்தது. அணுவணுவாகத் துல்லியமாகத் தெரிந்த அந்த டிஎன்ஏ படிகம், வாட்சன்-கிரிக் சொன்ன பக்கம் திரும்பாமல் பீச்சாங்கைப் பக்கம் சுற்றி, நெளிந்து நெளிந்து நின்றது. அந்த நெளிவுக்காகவே அதற்கு இசட்-டிஎன்ஏ என்று பேர். படிகத்துக்குள் டிஎன்ஏவை ஒட்டி உட்கார்ந்திருந்தவர்கள் மக்னீசியமும் நம்ம ஸ்பெர்மினும். டிஎன்ஏ துண்டைச் செய்து கொடுத்தவர்கள் லைடன்காரர்கள். டெல்ஃப்டிலிருந்து கூப்பிடு தூரம்.

விஷயம் இதுதான். டிஎன்ஏவின் முதுகெலும்பு முழுக்க எதிர்மின்னூட்டப் பாஸ்பேட்டுகள். பங்காளிகள் மாதிரி ஒன்றையொன்று பக்கத்தில் அண்டவிடாது. இசட் வடிவத்திலோ இரண்டு இழைகளின் பாஸ்பேட்டுகளும் இன்னும் நெருங்கி நிற்க வேண்டும். நடுவில் நேர்மின்னூட்டம் புகுந்து சமாதானம் செய்தால்தான் அது நடக்கும். சோடியம் ஒற்றை மின்னூட்டக்காரன், கூட்டமாக வர வேண்டும். நான்கோடு வரும் ஸ்பெர்மின் சிட்டிகை போதும். 1981இல் பெஹேயும் ஃபெல்சன்ஃபெல்டும் சைட்டோசினில் ஒரு மீத்தைல் ஒட்டிப் பார்த்தார்கள். இசட் வடிவத்துக்குத் தேவைப்பட்ட மக்னீசியம் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு குறைந்தது.

உப்புக் குளியலில் மட்டும் நடக்கும் வித்தை என்று அப்போது உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. பிறகு, இசட் வடிவத்தைத் தேடிப்பிடித்து ஒட்டும் புரதப்பகுதி நம் செல்லின் ஏடார்1 நொதியிலேயே கிடைத்தது. இன்றைக்கும் டிஎன்ஏ படிகம் வளர்க்கிறவர்கள் கலவையில் ஸ்பெர்மின் சேர்க்கிறார்கள். டானிக்காக ஏமாற்றிய சரக்கு, இந்த வேலையில் ஏமாற்றவில்லை.