உரிமம் போடாத நிரல்

கேள்வி: பொழுதுபோக்காக ஒரு தமிழ்ச் சொல்திருத்தி எழுதுகிறேன். எந்தக் கருவி, எந்த உரிமம் நல்லது?
– வாசகர், கொக்குவில்

பதில்: கருவிக்காக மண்டையை உடைக்காதீர்கள். கைவந்த நிரல்மொழியும், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியும் போதும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளை எடுத்துத்தான் ஈழத்து நூல்களை அடுக்கியிருக்கிறது. அந்த மென்பொருளுக்கு ஜிபிஎல் (GPL) உரிமம், ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை.

உரிமம்தான் விஷயம். ஒன்றும் எழுதாமல் இணையத்தில் போட்டால் ஊருக்குப் பொது என்று நினைப்பீர்கள். ஆனால் சட்டப்படி, உங்கள் அனுமதியின்றி ஒருவரும் அதை எடுத்தாள முடியாது. எம்ஐடி (MIT) உரிமம் என்றால் எவரும் எடுத்து, மூடி விற்கலாம். உங்கள் காப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் விட்டுவைத்தால் சரி. ஜிபிஎல் என்றால், மாற்றி விநியோகிப்பவர் மூலநிரலையும் தரவேண்டும். கதியாலை அரையடி தள்ளி நட்டாலே கோடேறுகிற ஊர் நம்முடையது, ஜிபிஎல்லே போடுங்கள். சொந்தமாக உரிமம் எழுதும் ஆசை மட்டும் வேண்டாம்; அப்புக்காத்துதான் பிழைப்பார்.