நகலுக்கு ஒரு பட்டம்

பெயருக்கு முன்னால் பட்டம் போட்டுக்கொள்ளும் ஆசை நம் ஊரில் நகலைக்கூட விட்டுவைக்கவில்லை. 'அட்டெஸ்டட்' என்ற பட்டம் இல்லாத நகலை எந்த ஆபீசும் ஏறெடுத்துப் பார்க்காது.

ஆரம்பத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. மார்க் ஷீட்டை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கொடுத்தால், தலைப்பில் 'ட்ரூ காப்பி' என்று போட்டு அடித்துத் தருவார்கள். அடிப்பவர் கண்ணயர்ந்தால் கணக்கில் 57 வாங்கியவன் 75 ஆகிவிடுவான். அவர் நண்பராக இருந்துவிட்டால் கண்ணயராமலேயே ஆகிவிடுவான். ஆகவே ஒரு கெஜட்டட் ஆபீசர் ஒப்பிட்டுப் பார்த்துப் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

அமெரிக்காவிலும் ஒருவர் கையால் நகலெடுத்தே அலுத்துப்போனார். ஒரு கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் இருந்த செஸ்டர் கார்ல்சன்தான் அவர். 1938இல் உலகின் முதல் ஜெராக்ஸை எடுத்தார். 1959இல் 'ஜெராக்ஸ் 914' என்ற இயந்திரம் வந்தது. அது அவ்வப்போது தீப்பிடிக்கும் என்பதால் கூடவே ஒரு தீயணைப்பானையும் கொடுத்தார்கள். தீப்பிடித்தாலும் 57ஐ 75 ஆக்காத யோக்கியமான இயந்திரம்.

ஜெராக்ஸ் கடை தெருவுக்கு ஒன்று வந்த பிறகும் இங்கே பச்சை மை காயவில்லை. எங்கள் தெருக்கோடியில் ஒரு கெஜட்டட் ஆபீசர் குடியிருந்தார். காலையில் அவர் வாசலில் எப்போதும் நாலு பையன்கள் நிற்பார்கள். "நீ யார் மகன்டா?" என்பார். சொன்னதும், ரப்பர் ஸ்டாம்பை வாயருகே வைத்து 'ஹா' என்று ஊதி, வரிசையாகக் குத்திக் கையெழுத்துப் போடுவார். ஒரிஜினலைப் புரட்டமாட்டார். அப்பாவைச் சரிபார்த்தாயிற்று, அது போதும்.

2014இல் மத்திய அரசு, அவரவர் சான்றுக்கு அவரவர் கையெழுத்தே போதும் என்று வலியுறுத்தியது. பட்டம் 'செல்ஃப் அட்டெஸ்டட்' என்று நீண்டது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே வேலியும் நானே, ஓணானும் நானே. அப்படி சாட்சி சொல்லி நீட்டினால், கவுண்டரில் இருப்பவர் கையெழுத்தைப் பார்ப்பதில்லை. "ஒரிஜினல் எங்க சார்?" என்கிறார்.

ஒரிஜினலைப் பார்த்துத்தான் நம்புவார்கள் என்றால் நகலுக்கு எதற்குச் சாட்சி? இதைக் கவுண்டரில் மட்டும் கேட்டுவிடாதீர்கள். உடனே சர்வர் டவுன் ஆகிவிடும். இரண்டு ஜெராக்ஸ் கூடுதலாக எடுத்து, எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு, ஒரிஜினலையும் கையோடு கொண்டுபோங்கள்.