குண்டனுவளை மட்டும் சேத்தா கோட்டை ஆகுமாலே?

ஏலே பேராண்டி, உன் டீமைப் பாத்தேன். ரொம்ப நல்லா இருக்கு. ஆறும் குண்டனுவ. எவனும் எவனையும் அடிக்கப் போறதில்ல, எல்லாவனும் வரிசையா நின்னு வாங்கப் போறான். இதுக்கு ஸ்டால் டீம்னு பேரு வேற வச்சிருக்க. இதுக்குப் பதிலா நீ முதல் சுத்துலயே தோத்தேன்னு சொல்லிட்டு எழுந்து வந்திருக்கலாம். அந்தப் போக்கிமானுவளுக்காவது நோவு மிச்சம்.

கிழவனுக்கு என்ன தெரியும்னு நினைக்காதே. நீ தோக்குறதைப் பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டுப் பாத்துப் பாத்தே பாதி படிச்சிட்டேன். மீதியை எப்படிப் படிச்சேன்னு கேக்காதே.

அடிக்கிற டீம் கட்டப் புத்தி வேண்டாம்லே, கோவம் போதும். தாங்குற டீம் கட்டுதவன்தான் எதிராளியைப் பத்தி ராவும் பகலும் நினைச்சுக்கிட்டே கிடக்கணும். என் டீம்ல யாரு பலசாலிங்குறதெல்லாம் ஒரு கேள்வியா? எவன் வந்தா என்கிட்ட ஆளு இல்ல, அதைக் கேளு. நீ கேக்கல. பழைய ஆட்டத்துல ஷக்கிளைத் தூக்கிட்டுத் திரிஞ்சியே, அந்தப் புத்தி இன்னும் போகல. டிஃபென்ஸ் 230, ஸ்பெஷல் டிஃபென்ஸும் 230ன்னு பாத்ததும் வாயைப் பொளந்துட்ட. பக்கத்துலயே ஹெச்பி 20ன்னு எழுதியிருந்தான். அதைப் படிக்க உனக்கு நேரம் இல்ல. தோலு எம்புட்டு தடிச்சிருந்தா என்ன, உள்ள ரத்தம் இல்லையே.

ப்ளிஸியைப் பாரு. 1999ல கோல்டு, சில்வர் ஆட்டத்துல வந்தவ. வயித்துப் பையில முட்டையை வச்சுக்கிட்டு எப்பமும் சிரிச்சுக்கிட்டு நிப்பா. ஹெச்பி 255, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 135. தீயை ஊதுறவன், மின்னலை இறக்குறவன் எல்லாம் அவகிட்ட வந்தா கை சலிச்சுத் திரும்புவான். ஆனா டிஃபென்ஸ் வெறும் 10. எவனாவது ஓடி வந்து கையால குத்தினான்னா சிரிப்பு நின்னுரும். அதுக்குத்தான் கூடவே அதே வருசம் வந்த ஸ்கார்மரியை நிறுத்துனாங்க. இரும்பு இறக்கைப் பறவை, டிஃபென்ஸ் 140. குத்துறவன் வந்தா இவன், ஊதுறவன் வந்தா அவ. ஸ்கார்மரிக்குத் தீயும் மின்சாரமும் ஆகாது, அதை அவ வாங்கிக்கிடுவா. அவளுக்குக் குத்துச்சண்டைக்காரன் ஆகாது, அவனை இவன் பாத்துக்கிடுவான். இந்த ஜோடிக்கு 'ஸ்கார்ம்ப்ளிஸ்'னு பேரே வச்சுட்டாங்க. இவன் தாங்காததை அவ தாங்கணும், அவ தாங்காததை இவன் தாங்கணும். நீ சேத்து வச்சிருக்கிற ஆறு பேருல நாலு பேருக்கு ஒரே அடி ஆகாது. எதிராளி ஒரு நல்ல மின்சாரக்காரனைக் கொண்டுவந்தா குடும்பத்தோட போவிய.

அப்புறம் அந்தப் புள்ளிக் கணக்கு. ஒரு போக்கிமானுக்குப் பயிற்சியில மொத்தம் 510 புள்ளி, ஒரு இடத்துல 252க்கு மேல ஏத்த முடியாது. நீ ப்ளிஸிக்கு எங்க ஏத்தியிருக்க? ஸ்பெஷல் டிஃபென்ஸ்ல. ஏம்லே, அவகிட்ட அது ஏற்கெனவே மண்டிக் கிடக்கு. 100ஆம் லெவல்ல ஒண்ணும் செய்யாட்டாலே அது 306. நீ 252 புள்ளியையும் கொட்டி, அதுக்கு ஏத்த சுபாவத்தையும் கொடுத்தா 405. மூணுல ஒரு பங்குதான் கூடும். அதே புள்ளியை டிஃபென்ஸ்ல போட்டு, 'போல்டு' சுபாவம் கொடுத்துப் பாரு. 56ல கிடக்கிறது 130க்கு ஏறும், ரெண்டு மடங்குக்கு மேல. போல்டுன்னா அட்டாக் குறையும். குறையட்டும், அவ என்ன மல்யுத்தமா புடிக்கப் போறா? மிச்சத்தை ஹெச்பியில போட்டா 714 வரும். இருக்கிற இடத்துலயே கொட்டுறதும் இல்லாத இடத்தைப் பாத்துக் கொட்டுறதும் ஒண்ணு இல்லலே.

அதோட நிம்மதியாத் தூங்கிராதே. 2010ல 'சைஷாக்'னு ஒரு அடியைக் கொண்டாந்தான். அடிக்கிறது ஸ்பெஷல் பலத்தால, ஆனா விழுறது சாதா டிஃபென்ஸ் மேல. ஊதுறவன்தானேன்னு ப்ளிஸியை நிறுத்துவ, அவ படுத்துருவா. நீ முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு, ஆட்டம் சரியில்லம்ப.

சரி, தாங்கியாச்சு. பொறவு? எதிராளி சாகணும்லா? அதுக்குத்தான் டாக்ஸிக்குங்குற விஷ மூவு. இது கந்துவட்டிலே. முதல் சுத்துல உசுருல 16ல 1 பங்கு, ரெண்டாவதுல 2 பங்கு, மூணாவதுல 3 பங்குன்னு ஏறிக்கிட்டே போகும். அஞ்சு சுத்து முடியும்போது 16ல 15 போயிருக்கும். ஆறாவது சுத்துல ஆளே இருக்க மாட்டான். உள்ள போயிட்டுத் திரும்பி வந்தான்னா கணக்கு முதல்லருந்து ஆரம்பிக்கும். ஆனா அவன் அப்படி ஆளை மாத்துறதுதான் நமக்கு வேணும். ஒவ்வொரு தடவை அவன் ஆளை மாத்தும்போதும் தரையில 'ஸ்டெல்த் ராக்' கிடக்கணும். 2006ல வந்த மூவு அது. களத்துக்கு வாரவன் எவனா இருந்தாலும் குத்தும், ஆளுக்குத் தக்கபடி குத்தும். சாரிஸார்டு பறந்துக்கிட்டு வந்தாலும் பாதி உசுரு போயிரும். ஸ்கார்மரி 'வேர்ல்விண்டு' அடிச்சு ஒவ்வொருத்தனா வெளிய இழுத்து விட்டா, அவனுவ கல்லு மேல நடந்துக்கிட்டே செத்துருவானுவ. நீ விரலைக் கூட நனைக்க வேண்டாம்.

ஆனா ஆட்டத்தை ஆக்குறவங்களும் நம்மளைச் சும்மா விடல. 2019ல 'ஹெவி டியூட்டி பூட்ஸ்'னு ஒரு செருப்பைக் கொடுத்தாங்க, மாட்டிக்கிட்டா கல்லும் முள்ளும் குத்தாது. 2022ல ஸ்கார்லெட், வயலெட் வந்தப்பம் டாக்ஸிக்கைக் கண்டவனும் கத்துக்கிட முடியாதுன்னு கொஞ்சம் பேருகிட்ட மட்டும் விட்டு வச்சாங்க. அதோட நிக்கல. உசுரை ஏத்துற ரிக்கவர், சாஃப்ட் பாயில்டு, ரூஸ்ட் எல்லாத்தையும் 10 தடவையிலருந்து 5க்கு இறக்கிட்டாங்க. கூடுதலாக் கொடுத்து ஏத்துனாலும் 8தான், முன்ன 16. பாதி மருந்தைப் புடுங்கிட்டு, பொழச்சுக்கன்னு விட்டுட்டாங்க. அதனால கண்ட நேரத்துல சாஃப்ட் பாயில்டை அமுக்காதே. பக்கத்துல நின்னு பாக்கேன்ல, முக்கால்வாசி உசுரு இருக்கும்போதே அமுக்குத. பயந்தாங்கொள்ளி.

மருந்தே வேண்டாதவனும் இருக்கான். கிளைஸ்கரைச் சேரு. கையில 'டாக்ஸிக் ஆர்ப்' கொடு, தனக்குத் தானே விஷம் ஏத்திக்கிடுவான். 'பாய்சன் ஹீல்' குணம் இருக்கிறதால அந்த விஷம் சுத்துக்கு 8ல 1 பங்கு உசுரை ஏத்தும். ஏற்கெனவே விஷம் ஏறுனவன்கிறதால வேற எவனும் அவனைச் சுடவும் முடியாது, முடக்கவும் முடியாது, தூங்க வைக்கவும் முடியாது. டாக்ஸபெக்ஸ் வேற ரகம். அடி வாங்குவான், உள்ள போவான், போற போக்குலயே மூணுல ஒரு பங்கு உசுரு ஏறிரும். திரும்பி வருவான். எதிராளிக்கு இதைப் பாத்தே ரத்தக் கொதிப்பு வரும். நமக்கு அதுவும் ஒரு வரும்படிதான்.

கத்தியைத் தீட்டிக்கிட்டே வாரவனுக்கு டோண்டோசோ. பெரிய கெளுத்தி மீனு, ஹெச்பி 150. 'அனவேர்' குணம் உள்ளதை எடு. எதிராளி 'ஸ்வோர்ட்ஸ் டான்ஸ்' ஆடி ஆடிப் பலத்தை நாலு மடங்கு ஆக்குனாலும் இந்த மீனு அதைக் கண்டுக்கிடாது. அவன் ஆடுனது அவனுக்கு உடம்பு வலி, அவ்வளவுதான். எனக்கு இந்தக் கூட்டத்துல புடிச்சவன் இவன்தான். எதையும் கேட்டுக்கிடாம இருக்கிறது லேசுப்பட்ட வித்தையா? உங்க ஆச்சி சாட்சி.

இப்பம் உன் டீமைக் கெடுக்கிறவங்களைச் சொல்லுதேன். முதல்ல 'டான்ட்'. அதைப் போட்டுட்டான்னா 3 சுத்துக்கு மருந்து, விஷம், கல்லு எதுவும் கிடையாது, அடி மட்டும்தான் அடிக்க முடியும். ப்ளிஸி கையில வழக்கமா இருக்கிற அடி 'சைஸ்மிக் டாஸ்', 100ஆம் லெவல்ல சரியா 100 உசுரு எடுக்கும். பேய் ரகத்துக்கு அதுவும் படாது. அடுத்து மேக்னஸோன், 'மேக்னட் புல்' குணத்தால இரும்பு ரகத்தை இழுத்துப் புடிச்சுக்கிடும். ஸ்கார்மரி ஓட முடியாம நிப்பான். 'ஷெட் ஷெல்'லைக் கொடுத்தா நழுவிருவான், ஆனா அதுக்கு ஒரு ஐட்டம் இடம் போகும். எல்லாத்தையும் விட மோசம் கோல்டெங்கோ. 999 காசு சேத்தாத்தான் அந்த உருவமே வரும். தங்கத்துல நின்னுக்கிட்டு, 'குட் ஆஸ் கோல்டு'ன்னு ஒரு குணம். மேல ஏவுற எந்த ஸ்டேட்டஸ் மூவும் ஒட்டாது. இரும்பு ரகம், விஷம் ஏறாது. பேய் ரகம், சைஸ்மிக் டாஸ் படாது. ப்ளிஸியும் அவனும் நேருக்கு நேர் நின்னா, அவ சிரிக்கலாம், அவ்வளவுதான். பணக்காரன் முன்னாடி வேற என்ன செய்ய?

நான் சொன்னது எல்லாம் ஒத்தைக்கு ஒத்தை, ஆறுக்கு ஆறு ஆட்டத்துக்கு. உலகப் போட்டி நடக்கிற ரெட்டைச் சண்டையில இந்தப் பருப்பு வேகாது, ரெண்டு பேரு சேந்து ஒருத்தியையே போட்டு வாங்குவான். ஆனா அங்கனயும் தாங்குறவனுக்கு மரியாதை இருக்கு. 2014ல வாஷிங்டன்ல தென் கொரியாக்காரர் சே ஜுன் பாக் உலகக் கோப்பையைத் தூக்குனப்பம், அவரு டீம்ல பச்சிரிசுன்னு ஒரு பொடி அணில் இருந்துச்சு. எல்லாரும் சிரிச்ச சாதி. 'ஃபாலோ மீ'ன்னு சொல்லி எதிராளி அடியைத் தன் பக்கம் திருப்பிக்கிட்டு, பக்கத்துல நிக்கிற பெரியவனை அடிக்க விட்டுச்சு. ஹெச்பி 60தான். ஷக்கிள் தூக்குனவன் நோட் பண்ணிக்க.

ரொம்பத் தாங்குனாலும் தொல்லை உண்டு பாத்துக்க. 2002ல வந்த ரூபி, சஃபையர்ல ரெண்டு வாபஃபெட் எதிர் எதிரா நின்னா ஒருத்தனும் வெளிய போக முடியாது. ரெண்டு பேரு கையிலயும் 'லெஃப்டோவர்ஸ்' இருந்துச்சோ, மூவு தீந்து 'ஸ்ட்ரகிள்' அடிச்சாலும் போற உசுரை விட ஏறுற உசுரு கூட. முடியவே முடியாத சண்டை. அடுத்த தலைமுறை ஆட்டத்துலதான் அதைத் திருத்துனாங்க. இப்பம் நீ இணையத்துல ஆடுத ஷோடவுன்ல 1000 சுத்து போச்சுன்னா டிராதான். நீ அந்தக் கவலையே பட வேண்டாம். 30 சுத்து தாண்டுனாலே கொட்டாவி விட்டுட்டு, ஜெயிக்கிற ஆட்டத்துல ப்ளிஸியை விட்டு அடிக்கப் போறவன் நீ. எதிராளி 'டிராகோ மீட்டியர்' 8 தடவைதான் அடிக்க முடியும். எத்தனை அடிச்சான்னு எண்ணு. எண்ணிக்கிட்டே இருந்தா உனக்கும் தூக்கம் வராது, அவனுக்கும் தைரியம் வராது.

ஆக ப்ளிஸி, ஸ்கார்மரி, கிளைஸ்கர், டாக்ஸபெக்ஸ், டோண்டோசோ. அஞ்சு ஆச்சு. ஆறாவது இடம் அந்தத் தங்கக் காசுப் பயலுக்கும், டான்ட் போடுறவனுக்கும் பதில் சொல்றவனுக்கு. அதை நான் சொல்ல மாட்டேன், நீயே தேடு. தேடிக் கண்டுபுடிச்சா என் காதுல மட்டும் சொல்லு. சும்மா தெரிஞ்சுக்கிடத்தாம்லே கேக்கேன். நேத்து ராத்திரி உன்னை மூணு ஆட்டம் அடிச்சவன் யாரா இருந்தா உனக்கென்ன?