புயல் ஆயத்தம்: முதல், கரு, உரி

வங்கக் கடலில் புயல் எங்ஙனம் எழுகிறது என்பதை ஆராய்ந்தோர் பலர். அப்புயல் கரையை நெருங்கும் முன்பே சென்னை மாநகரின் இல்லங்களில் ஓர் ஆயத்தம் எழுகிறதே, அதை ஆராய முன்வந்தோர் இலர். கடலில் எழுவது ஆண்டுக்குச் சிலவே. இல்லத்தில் எழுவதோ ஒவ்வோர் அறிவிப்புக்கும் ஒன்று. எண்ணிக்கையால் பின்னதே பேராய்வுக்கு உரியது. நிலத்தையும் அதன் வாழ்வையும் முதல், கரு, உரி எனப் பகுத்து நோக்குவது தமிழ் மரபு. அப்பகுப்பு இத்துறைக்கும் குறைவின்றிப் பொருந்துகிறது.

முதற்பொருள் என்பது பொழுதும் நிலமும் ஆகும். ஐப்பசியில் தொடங்கி மார்கழியின் முற்பாதி வரை நீளும் வடகிழக்குப் பருவமழைக் காலமே பெரும்பொழுது. நீலம் 2012 அக்டோபர் 31 அன்றும், வர்தா 2016 டிசம்பர் 12 அன்றும், நிவர் 2020 நவம்பர் 25 நள்ளிரவிலும் வந்தமை இதற்குச் சான்று. தானே புயல் மட்டும் 2011 டிசம்பர் 30 வரை தாமதித்துக் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. புத்தாண்டுக் கேக்கும் புயற்கால மெழுகுவர்த்தியும் ஒரே பையில் வீடு வந்து சேரும் அத்தகைய நிலையைப் பொழுது மயக்கம் எனல் தகும். சிறுபொழுது, மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. இந்நேரத்தோடு புயலுக்குத் தொடர்பு ஏதுமில்லை. விடுமுறை அறிவிப்புக்கு உண்டு.

நிலம் மூவகைப்படும். நீர் நில்லா நிலம், நீர் நிற்கும் நிலம், நீர் நிற்காது என்று வீட்டுத் தரகர் உறுதி கூறிய நிலம். முதல் இரண்டும் சிறியவை. மூன்றாவதே வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் எனப் பரந்து விரிந்தது. நீர் நில்லா நிலத்தார் மழைநாளில் பிற நிலத்தாரைத் தொலைபேசியில் அழைத்து, "உங்க பக்கம் தண்ணி நிக்குதாமே?" என்று வினவுவர். இது விசாரிப்பு எனப்படும். நீர் நிற்கும் நிலத்தார் அதற்கு, "இந்த வருஷம் பரவாயில்ல, கணுக்கால் வரைக்கும்தான்" என விடையிறுப்பர். இது மானங்காத்தல் எனப்படும்.

மழையின் அளவுகோல் பற்றிய ஒரு நுட்பமும் இங்கேயே கூறத்தக்கது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி ஒரு நாளில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்வது கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேற்பட்டது அதி கனமழை. கனமழைக்கும் மிக கனமழைக்கும் இடையே உள்ளது 0.1 மி.மீ. முழங்கால் நீரில் நிற்பவர் அந்த வேறுபாட்டை உணர்வதில்லை என்று வாதிடுவோர் உளர். அவர் உணராமை அளவையின் குற்றமன்று. மேலும் அம்மழை நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் அளக்கப்படுகிறது. அவர் நிற்பது வேறிடத்தில்.

இனி, ஆயத்தத்தைத் தூண்டும் காரணி. காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ. இருக்கும் வரை அது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 63 ஆனால் புயல். அந்த ஒரு கிலோமீட்டரில்தான் பெயர் சூட்டப்படுகிறது. வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சார்ந்த 13 நாடுகள் நாட்டுக்கு 13 வீதம் அளித்த 169 பெயர்கள் கொண்ட பட்டியல் 2020 ஏப்ரலில் வெளியாயிற்று. இந்தியா அளித்தவற்றுள் முரசு என்னும் தமிழ்ப்பெயரும் ஒன்று. பெயர் பெற்ற புயலுக்கே இல்லங்கள் ஆயத்தமாகின்றன. பெயரற்றதை எவரும் பொருட்படுத்துவதில்லை. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்து நகரை மூழ்கடித்த மழைக்குப் பெயரே இல்லை. அதற்கென எவரும் மெழுகுவர்த்தி வாங்கி வைக்கவும் இல்லை. மாறாக, 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையை நீரில் ஆழ்த்திய மிக்ஜாம் முறையாகப் பெயர் பெற்றிருந்தது. எனினும் அது 5ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே சென்று கரை கடந்தமையால், அதைச் சென்னைக்கு வந்த புயல் என்பதா, சென்னையைத் தாண்டிச் சென்ற புயல் என்பதா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

ஃபெஞ்சல் தனியே குறிக்கத்தக்கது. 2024 நவம்பர் இறுதியில் அது புயலாகும் என்றனர், ஆகாது என்றனர், 29ஆம் தேதி ஆகிவிட்டது என்றனர். ஆகும் என்றபோது வாங்கிய பொருள்கள் ஆகாது என்றபோது உண்ணப்பட்டு, ஆகிவிட்டது என்றபோது மீண்டும் வாங்கப்பட வேண்டியவை ஆயின.

கருப்பொருள்களுள் முதலில் வைக்கப்படுவது தெய்வம். இத்திணைக்குத் தெய்வம் மாவட்ட ஆட்சியர். விடுமுறை என்னும் வரத்தை அருளும் அதிகாரம் அவருக்கே உண்டு. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் என மூவராக இருந்த நிலை, 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் நால்வர் ஆயிற்று. வழிபாடும் அவ்வாறே பெருகியது. வீடு செங்கல்பட்டு மாவட்டத்திலும் பள்ளி சென்னை மாவட்டத்திலும் அமையப்பெற்ற குழந்தை இரு தெய்வங்களையும் வேண்ட நேர்கிறது. ஒருவர் அருளி மற்றவர் அருளாத நாளில் அக்குழந்தையின் நிலை இரங்கத்தக்கது.

வரத்தின் வகைகளும் பல. பள்ளிகளுக்கு மட்டும் என்பது சிறுவரம். பள்ளி, கல்லூரிகளுக்கு என்பது பெருவரம். முந்தைய இரவே வருவது முழுவரம். காலை 7 மணிக்கு மேல், சீருடை அணிவித்து, டப்பாவில் தயிர்சாதம் அடைத்து, பள்ளி வேன் தெருமுனையில் ஒலிப்பான் எழுப்பும்போது வருவது தாமத வரம். இதைக் குழந்தைகள் வரம் என்றும் தாய்மார் சாபம் என்றும் கொள்வர். விடுமுறை அறிவித்த நாளில் வானம் வெளுத்து வெயில் காய்வது வெயில் விடுமுறை. அறிவிக்காத நாளில் கொட்டித் தீர்ப்பதற்கு இன்னும் பெயரிடப்படவில்லை. அன்றைய வாட்ஸ்அப் குழுக்களில் வழங்கும் சொற்கள் கலைச்சொல்லாகும் தகுதி பெறவில்லை.

அடுத்த கருப்பொருள் உணவு. உணவுள் தலையாயது பால். நீல உறையோ பச்சை உறையோ, எதுவாயினும் சரி. புயற்செய்தி வந்த இரண்டு மணி நேரத்துக்குள் பால் கடையிலிருந்து வீட்டுக்குப் பெயர்ந்துவிடுகிறது. பாலைக் காக்கக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். புயல் முதலில் கொண்டுபோவது மின்சாரத்தை. எனவே முதலில் கெடும் பொருளே முதலில் வாங்கப்படுகிறது. இதில் முரண் காண்போர் காபியின் இடத்தை அறியாதார்.

பால் வாங்குவோர் மூவகையினர். செய்தி வந்தவுடன் வாங்குவோர் முன்னுணர்வோர். "பக்கத்து வீட்டுல ஆறு பாக்கெட் வாங்கிட்டாங்களாம்" என்று இல்லாள் உரைத்தபின் புறப்படுவோர் ஒப்புநோக்குவோர். மாநகரின் பெரும்பான்மை இவரே. இரவு 9 மணிக்குச் சென்று பால்பவுடரோடு திரும்புவோர் கடையர். இங்குக் கடையர் என்பது வரிசையில் கடைசியில் நின்றவர் என்னும் பொருளில் மட்டுமே ஆளப்படுகிறது. இல்லத்தில் அவருக்கு வேறு பொருளும் வழங்கலாம்.

பிரெட், ரவை, மெழுகுவர்த்தி ஆகியவை துணை உணவுகள். மெழுகுவர்த்தி உணவன்று என்பது உண்மையே. ஆயினும் அது ரவையோடு ஒரே கடையில், ஒரே பட்டியலில், ஒரே பதற்றத்தில் வாங்கப்படுவதால் உணவுள் அடக்கப்பட்டது. சென்ற ஆண்டு வாங்கிய மெழுகுவர்த்தி எந்த வீட்டிலும் தொலைந்து போவதில்லை. அது மேசை இழுப்பறையின் அடியில் பத்திரமாக இருக்கிறது. மின்சாரம் திரும்பி வந்தபின் அவ்வெளிச்சத்தில் கண்டெடுக்கப்படுகிறது.

ஊர்திக்குரிய ஒழுக்கம் வலசை. மழை வருமுன் கார்கள் தாழ்நிலத்தை விட்டு மேம்பாலம் ஏறுகின்றன. 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் அவை வரிசையாக நின்ற காட்சி நாடெங்கும் பேசப்பட்டது. அபராதம் விதிக்கப்படுகிறது என்று ஒரு செய்தி பரவியது. விதிக்கப்படவில்லை என்று காவல்துறையின் மறுப்பும் வந்தது. சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்ட 16ஆம் தேதி அஞ்சிய பெருமழை சென்னையில் பெய்யவில்லை. கார்கள் நனையாமல் இறங்கின. இம்முறையின் பயன் இதனால் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. காரை மேட்டில் விட்டுத் தாம் தாழ்நிலத்து வீட்டுக்கு நடந்து திரும்பியவரின் செயலில் பிழை காண இடமில்லை. காருக்கு மாதத் தவணை இன்னும் முடியவில்லை.

பறை, தொலைக்காட்சி. மெரினாவிலோ காசிமேட்டிலோ மழையாடை அணிந்த செய்தியாளர் காற்றோடு மல்லாடியபடி, பொதுமக்கள் எவரும் கடற்கரைக்கு வரவேண்டாம் என்று முழங்குவார். கையசைக்கும் பொதுமக்கள் அவர் பின்னே நிற்பர். நீலம் புயலில் பிரதிபா காவேரி என்னும் எண்ணெய்க் கப்பல் பெசன்ட் நகர் அருகே தரைதட்டியது. உயிர் தப்பக் கடலில் இறங்கிய மாலுமிகள் சிலர் மாண்டனர். அடுத்த நாள்களில் எலியட்ஸ் கடற்கரைக்குக் குடும்பம் குடும்பமாகச் சென்று அக்கப்பலோடு படம் எடுத்துக்கொண்டனர். இதை ஆயத்தத்துள் அடக்குவதா, சுற்றுலாவுள் அடக்குவதா என்பது தீர்க்கப்படாத சிக்கல்.

இத்திணையின் உரிப்பொருள் காத்திருத்தலும் காத்திருத்தல் நிமித்தமும் ஆம். எங்கே இருக்கிறது, எப்போது கடக்கும், ஏன் இன்னும் கடக்கவில்லை என்பவை இதன் மெய்ப்பாடுகள். வாக்களித்த நேரத்தில் வராத புயலிடம் இல்லத்தார் கொள்ளும் சினம், விருந்தினர் மீது கொள்ளும் சினத்தை ஒத்தது. வர்தா இவ்வகையில் நுட்பமானது. அதன் மையப்பகுதி நகரின் மேலேயே கடந்தபோது காற்று சற்று நேரம் அடங்கிற்று. முடிந்தது எனத் தெளிந்து வெளியே வந்தோர், விழுந்த மரங்களை எண்ணத் தொடங்கினர். சிறிது நேரத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து வீசி, எஞ்சிய மரங்களைச் சாய்த்தது. எண்ணிக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

மீனவக் குப்பங்களிலும் கடலோரச் சிற்றூர்களிலும் நிகழும் ஆயத்தம் வேறு. அங்குப் படகை மேடேற்றிக் கட்டுகின்றனர். வலையையும் எஞ்சினையும் அகற்றுகின்றனர். முதியோரையும் குழந்தைகளையும் பள்ளிக்கூடத்துக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ அழைத்துச் செல்கின்றனர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் அருகே கரையேறியபோது, டெல்டாவின் தென்னை விவசாயிகளுக்கு உள்ளே எடுத்து வைக்கத்தக்க பொருள் எதுவும் இல்லை. தோப்பு தோப்பாக மரங்கள் சாய்ந்தன. அவர்களுடைய ஆயத்தம் புயலை நோக்கியது. ஆதலின் அதில் வகைப்பாட்டு நுட்பம் குறைவு. இவ்வாய்வின் எல்லைக்குள் அது வராது.

எஞ்சியிருப்பது கூண்டு. துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட எச்சரிக்கைக் கூண்டுகள் ஏற்றப்படுகின்றன. எண் ஏற ஏற ஆபத்து ஏறுகிறது என்பது தொலைக்காட்சி பார்ப்போரின் துணிபு. அது முற்றும் சரியன்று. 5ஆம் எண், புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கமாக விட்டுக் கடக்கும் என்பதைக் குறிக்கும்; 6ஆம் எண் வலப்பக்கமாக; 7ஆம் எண் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ. 8, 9, 10 ஆகியன கடும்புயலுக்கு அதே வரிசையில் அமைந்தவை. 5-ஐ விட 6 பெரிது என்று கருதிக் கூடுதலாக ஒரு பாக்கெட் வாங்கியவர் பக்கத்தை அளவு என மயங்கியவர் ஆவார். 11ஆம் எண்ணோ, எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அற்றுப்போனது என்பதை மட்டும் சொல்வது. கைப்பேசியின் மின்கலம் தீர்ந்து, இன்வெர்ட்டர் அடங்கி, மதுரையிலிருந்து அழைக்கும் மாமியாருக்கு மறுமொழி கிட்டாத நிலையில் ஒவ்வோர் இல்லமும் இக்கூண்டை ஏற்றியதாகவே கொள்ளவேண்டும்.

இத்துணை நுட்பமான முறையில் ஒரு குறை மட்டும் உண்டு. இடம் சொல்கிறது, வலம் சொல்கிறது, தொடர்பு அறுந்ததையும் சொல்கிறது. நகரில் பால் தீர்ந்துவிட்டது என்பதை எந்தக் கூண்டும் சொல்வதில்லை. ஆகவே 12ஆம் எண் கூண்டு ஒன்றை நிறுவத் துறைமுக நிர்வாகம் ஆவன செய்தல் வேண்டும். கூம்பும் உருளையும் பகற்குறிகளாகவும், சிவப்பும் வெள்ளையும் இரவு விளக்குகளாகவும் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளமையால், இதற்கு நீலமும் பச்சையும் பரிந்துரைக்கப்படுகின்றன.