உரையாசிரியருக்கு ஒரு ராட்டினம்

ஓர் ஊர் தன்னிடம் வாழ்ந்த எழுத்தாளர் ஒருவரை முன்னிட்டு ஆண்டுதோறும் கூடிக் களிப்பதே இலக்கிய விழா என்று இலக்கணம் வகுத்துக்கொண்டால், மும்பை மாஹிமில் டிசம்பர்தோறும் பத்து நாள் நடக்கும் மேளாவும் இலக்கிய விழாவே என்பதும், அங்கு வருவோருள் பெரும்பாலோர் அதை அறியாமலேயே ராட்டினம் ஏறி இறங்கி வீடு திரும்புகின்றனர் என்பதும் ஒருசேரப் புலப்படும். விழாவுக்குரியவர் மக்தூம் அலி மஹிமி (1372–1431). தர்காவில் அடங்கியிருக்கும் இறைநேசராகவே ஊர் அவரைப் போற்றினாலும், அரபு மொழியில் குர்ஆனுக்குத் தப்சீர், அதாவது விரிவுரை, எழுதியவர் என்பதால் பரிமேலழகர் போன்றோர் அமர்ந்திருக்கும் வரிசையில் அவருக்கும் இடம் உண்டு. தமிழ் உரையாசிரியர்களுக்கு இப்பேறு வாய்க்கவில்லை. நச்சினார்க்கினியர் பெயரைச் சொல்லி எந்த ஊரிலாவது ராட்டினம் சுழன்றதாகவோ மிளகாய் பஜ்ஜி பொரிக்கப்பட்டதாகவோ சான்று கிடைக்கவில்லை.

ஆயினும் பஜ்ஜிக்கும் வாசிப்புக்கும் உள்ள உறவு தமிழுலகம் அறியாததன்று. 1977இல் அண்ணா சாலையின் மதரஸா-இ-ஆஜம் பள்ளியில் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியும், மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவரும் ஈரோடு புத்தகத் திருவிழாவும் நூல் விற்பனைக்கென்றே ஏற்பட்டவை எனினும், தள்ளுபடி பத்து விழுக்காடுதானா என்று பதிப்பாளரிடம் வழக்காடிய வாசகர், வெளியே வந்ததும் டெல்லி அப்பளத்துக்குக் கேட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுப்பதை எவரும் காணலாம். மாஹிம் இவ்வகையில் நேர்மையான ஊர்; நூலை இடையில் நிறுத்தி எவரையும் குற்றவுணர்வுக்கு ஆளாக்காமல் நேரே தின்பண்டத்துக்கு அழைத்துச் செல்கிறது. ஊர்ப் பெயராலேயே வழங்கும் மாஹிம் அல்வா தட்டையான ஏடுகளாக, ஏட்டுக்கு ஏடு காகிதம் இட்டு அடுக்கப்படுவதால், முதல் ஏட்டைப் புரட்டியவர் கடைசி ஏடு வரை விடாமல் முடிக்கும் ஒரே சுவடி அதுவெனலாம். ரயில் நிலையத்துக்குக் கிழக்கே தாராவியில் பரம்பரையாக வாழும் திருநெல்வேலியார் மட்டும் அதை அல்வா என்று ஒப்புக்கொள்வதில்லை. இது இலக்கியத் திறனாய்வில் காணப்படும் பிடிவாதங்களுக்குச் சற்றும் குறையாத பிடிவாதம். அவர்களின் சொந்த மாவட்டத்தில், பாளையங்கோட்டையில், தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் பொருநை இலக்கியத் திருவிழாவை நடத்தியபோது, தாராவியிலிருந்து எத்தனை பேர் அதற்கெனப் பயணச்சீட்டு முன்பதிவு செய்தனர் என்று ஆராய்வது வீண்வேலை. நெல்லைக்காரரின் விடுப்பு கோயில் கொடைக்கு உரியது.

இலக்கிய விழாக்களின் தீராச் சிக்கலாகிய பொன்னாடையையும் மாஹிம் தீர்த்துவைத்திருக்கிறது. பொன்னாடை என்பது மேடையில் ஒருவர் தோளில் போர்த்தப்பட்டு, அடுத்த வாரம் வேறொரு மேடையில் வேறொருவர் தோளுக்கு இடம்பெயரும் சரிகைத் துணி. அதை யார் முதலில் போர்த்துவது என்ற கேள்வியில் உடைந்த மன்றங்களும், அழைப்பிதழில் பெயர் கீழிறங்கியதால் பத்தாண்டுகள் பேச்சுவார்த்தையின்றிப் போன கவிஞர்களும் தமிழிலக்கிய வரலாற்றில் இன்னும் எழுதப்படாத ஓர் இயலுக்கு உரியவர்கள். மாஹிமிலோ சாதர் எனப்படும் போர்வையையும் சந்தனத்தையும் முதலில் கொண்டுசெல்லும் உரிமை மும்பைக் காவல்துறைக்கு உரியது. சீருடையினர் வாத்தியம் முழங்க ஊர்வலமாகத் தர்காவுக்குச் செல்கையில், ‘ஏன் அவர்களுக்கு முதலிடம்’ என்று கேட்கும் துணிவு எந்தச் சங்கச் செயலாளருக்கும் வருவதில்லை. தமிழ் மன்றங்கள் இம்முறையைப் பரிசீலிக்கலாம். உள்ளூர் ஆய்வாளர் ஒருவர் முதல் வரிசையில் லத்தியுடன் அமர்ந்திருந்தால், ‘இறுதியாக ஒரே ஒரு செய்தி’ என்று அறிவித்த பின்னும் முக்கால் மணிநேரம் நீளும் வாழ்த்துரைகள் தாமாகவே சுருங்கும்.

இவ்விழாவில் குறையெனச் சுட்டத்தக்கது ஒன்றுண்டு: அறுநூறு ஆண்டுகளுக்குமுன் மறைந்த நூலாசிரியரிடம் கையொப்பம் பெறவோ, கேள்வி நேரத்தில் ஒலிவாங்கியைப் பற்றிக்கொண்டு கேள்வி கேட்காமல் தம் கவிதையை வாசிக்கவோ எவருக்கும் வழியில்லை. ஆனால், அதே காரணத்தால் அங்கே ஏற்புரையும் கிடையாது என்பதை, தமிழ்நாட்டு இலக்கிய விழாக்களில் இரவு பத்து மணிவரை அமர்ந்து கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட வாசகர்கள் குறையாகக் கொள்ள மாட்டார்கள்.