95 என்றால் 100

கணக்கு வாத்தியார்கள் மன்னிக்க வேண்டும். நூறில் 95 பேருக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், அந்த மாநிலம் 'முழு எழுத்தறிவு' பெற்றதாக அறிவித்துக்கொள்ளலாம் என்று 2024 ஆகஸ்டில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மீதி ஐந்து பேர்? சூளையில் செங்கல் அறுப்பவர், ஆட்டுப்பட்டிக்குக் காவல் இருப்பவர், தறிச் சத்தத்தில் காது போன கிழவி. இவர்களையெல்லாம் ஆளாகவா எண்ணுவது? சில்லறை. ரவுண்டாக்கும்போது உதிர்ந்துவிடும்.

எண்ணிக்கைக்குள் வந்துவிட்ட பாக்கியசாலிகளின் கதை இன்னும் சுவையானது. பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கும் பள்ளி வாசலையே மிதிக்காதவர்களுக்கும் 2022 முதல் 2027 வரை புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். இலக்கு 5 கோடிப் பேர். ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். பெரிய தொகைதான், வகுத்துப் பார்க்காதவரை. வகுத்தால் தலைக்கு 207 ரூபாய் 58 காசு. தமிழ்நாட்டில் வகுப்பு 200 மணி நேரம். ஆக, மணிக்கு ஒரு ரூபாய் சொச்சம். பெட்டிக்கடையில் ஒரு மிட்டாய் வாங்கலாம். இந்த ஒரு ரூபாய்க்குள்தான் புத்தகம், தேர்வுத்தாள், சான்றிதழ், அதிகாரி சிரிக்கும் ஃபிளெக்ஸ் எல்லாம் அடங்க வேண்டும்.

சொல்லிக்கொடுப்பவருக்கு? பூஜ்யம். அவர் தன்னார்வலர். கடமையுணர்வோடு வர வேண்டுமாம். இந்தக் கடமையுணர்வு ஏன் எப்போதும் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மருமகளுக்கே சுரக்க வேண்டும்? திட்டத்தை ஆய்வு செய்ய வரும் ஜீப் கடமையுணர்வில் ஓடுவதில்லை, டீசலில்தான் ஓடுகிறது. முந்தைய சாக்ஷர் பாரத் திட்டத்தில் ஊராட்சி ஊக்குநருக்கு மாதம் 2,000 ரூபாயாவது மதிப்பூதியம் என்று இருந்தது. 2018 மார்ச்சோடு அந்தக் கடையையும் சாத்திவிட்டார்கள்.

தேர்வு நாளன்று மட்டும் எல்லாரும் வருவார்கள். பாட்டி பேனா பிடிப்பதைப் படம் எடுப்பார்கள். கைநாட்டு ஒழிந்தது! மறுவாரம் நுண்கடன்காரர் வருவார். பாட்டி பெருமையாகக் கையெழுத்துப் போடுவாள். அவளுடைய புத்தகத்தில் 'நிதி எழுத்தறிவு' என்று ஒரு பாடம் உண்டு. கடன் தாளில் வட்டி எந்த மூலையில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது என்பதற்கு அதில் படம் போடவில்லை. போட வேண்டிய இடத்தில் போட்டால் போதும், எதில் போடுகிறோம் என்று வாசிக்க வேண்டாம். இதுதான் சர்க்கார் விரும்பும் எழுத்தறிவு.

வாசித்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாமலா? புதுக்கோட்டையில் பார்த்தார்களே! 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். கல்லுடைக்கும் பெண்கள் அகரத்தோடு சைக்கிளும் கற்றார்கள். புழுதி கிளப்பிக்கொண்டு ஊர்த்தெருவில் பெண்கள் மிதித்துப் போனதைப் பார்த்துக் கேலி பேசிய ஆண்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். யாரையும் கேட்காமல் அடுத்த ஊர் வகுப்புக்குப் போனார்கள். நேற்றுக் கற்றவள் இன்று சொல்லிக்கொடுத்தாள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குவாரிகளைப் பெண்கள் குழுவாகக் குத்தகைக்கு எடுத்தார்கள். எத்தனை லோடு ஏறியது, எவ்வளவு கூலி வர வேண்டும் என்று எழுதி வைத்துக் கேட்டார்கள். கணக்குக் கேட்பவளை எந்தக் குத்தகைதாரருக்குப் பிடிக்கும்? 1992 ஆகஸ்டில் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக விழா எடுத்தார்கள். இயக்கங்களுக்கு இப்படித்தான் விழா எடுப்பது. அப்புறம் காரியம்தான்.

சரி, இந்த 200 மணி நேரத்தோடு நிற்காமல் ஒருத்தி மேலே ஏறப் பார்த்தாள் என்று வையுங்கள். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். சட்டசபையில் சட்டம் போட்டு 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். பள்ளிப் படிப்பு அறுந்துபோனவர்களே, 18 வயது ஆனால் போதும், அடித்தளப் படிப்பு முடித்துவிட்டுப் பட்டத்தில் சேருங்கள் என்றார்கள். மில்லில் இரவு ஷிப்டு பார்த்தவர்களும், மூன்று பிள்ளை பெற்றவர்களும் கட்டணம் கட்டிச் சேர்ந்தார்கள். 2009 ஆகஸ்டில் வந்தது அரசாணை 107. பத்து, பிளஸ் டூ முடித்துவிட்டு வாங்கிய பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லுமாம்.

பல்கலைக்கழகம் அரசுடையது. கட்டணத்துக்கு ரசீதும் உண்டு. பட்டம் மட்டும் அரசுக்கு ஆகாது. சொந்த அச்சகத்தில் அடித்த நோட்டைச் சொந்தக் கல்லாவில் வாங்க மறுக்கிற கடைக்காரனை ஊரில் என்ன பெயர் சொல்லித் திட்டுவார்களோ, அதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் அந்த அலுவலகச் சுவரில் காமராஜர் படம் இருக்கும். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சர். இன்று அவர் அங்கேயே அலுவலக உதவியாளர் வேலை கேட்டுப் போனால், எட்டாம் வகுப்புச் சான்றிதழ் எங்கே என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அவர் பிறந்த ஜூலை 15ஐ மட்டும் 'கல்வி வளர்ச்சி நாள்' என்று தவறாமல் கொண்டாடுவார்கள். மாலை வாங்கிக்கொள்ளத்தான் இந்த நாட்டில் கல்வித் தகுதி கேட்பதில்லை.